பனிக்கடலில் விளைந்த உப்பு

அத்தியாயம் ஆறு

பூவரச மரத்து நிழலில் மல்லாந்து கிடந்த மனிதனுக்கு இன்னும் தலை வைக்கப்படவில்லை. நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டையும் கரை வேட்டியும் அவனுக்கு முறையாக உடுத்தப்பட்டிருந்தன. ஆயினும், விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. துப்பறியும் நிபுணர் சக்கரபாணி தம் தொழிலில் பிணங்கள் பலவற்றைக் கண்டவர். பிணம் வந்து சேராமலே ஆயத்தமாகிவிட்ட பிரேதம் ஒன்றை அவர் காண்பது அதுவே முதல் தடவை.

"மரக்காணத்துல இந்த வெயிலுக்கு வேர்க்காத ஒரே ஆளு இவருதான் சார்," என்றான் உதவியாளன் சுப்ராயன், கழுத்தைத் துண்டால் துடைத்தபடி.

"மெதுவாப் பேசு. அண்ணன்காரர் காதுல விழப்போகுது."

அண்ணன்காரராகிய முருகையன் காதில் அது விழத்தான் விழுந்தது. வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சிரிங்க, சிரிங்க. ஒடம்பு கெடைக்காத சாவுக்கு வேற இன்னா பண்றது? நாளைக்கு அமாவாசை. கரையில வெச்சுக் கொளுத்திட்டா எந்தம்பி நல்லபடியாப் போய்ச் சேருவான். இவளுக்கும் தாலிய வாங்கிட்டா கடமை முடிஞ்சிடும். மெட்ராசுல இருந்து ஆளக் கூப்ட்டுக்கினு வந்து நிக்கிறா! செத்தவன் எழுந்து வருவானா?"

'இவள்' என்று சுட்டப்பட்ட அமராவதி, உப்பு வாரும் நீண்ட பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த வைக்கோல் மனிதனின் சட்டைப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றுள் ஒன்று நிறம் மாறியது. அதனைத் தைத்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாளைக்கு முன் திருவல்லிக்கேணியில் இருந்த சக்கரபாணியின் அலுவலகத்துக்கு அவள் தன்னந்தனியாக வந்திருந்தாள். அவள் கணவன் அரசப்பன், வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிச் சென்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. சென்ற மாதம் காசிலிங்கம் என்பவன் கப்பல் தோழன் என்று கூறிக்கொண்டு வந்தான். அரசப்பன் வடதுருவப் பனிக்கடலில் தவறி விழுந்து இறந்துபோனான் என்று சொல்லி, அவனுடையது என ஒரு கம்பளிக் குல்லாவையும் கொடுத்தான். ஊர் நம்பிவிட்டது. அவள் மட்டும் நம்பவில்லை.

"செத்துட்டாருன்னா அழுவறதுக்கு எனக்குத் தெரியும் ஐயா," என்று அவள் அன்று சொல்லியிருந்தாள். "ஆனா செத்தாரான்னு எனக்குத் தெரியணும். தெரியாம எப்படி அழுவறது?"

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் சக்கரபாணி காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் அவர் சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இயக்கியவர். நெடுங்கடலின் நடுவே, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாரோ யார் யாரையோ அழைப்பதைக் கேட்டுக் கழித்த இரவுகள் அநேகம். அவரை அழைத்த குரல் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. எனவே, செய்தி வராமல் காத்திருப்பவர்களை எதிரில் கண்டால், அவருடைய மனம் சட்டம், சாட்சியம் இவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

"காசிலிங்கம் எங்கம்மா இருக்காரு?" என்று அவர் கேட்டார்.

"பாத்தியாண்ட கொட்டாயில. நாளைக்குச் சாமி முன்னால சாவுக்குச் சாட்சி சொல்லணும்னு எங்க மாமா புடிச்சு வெச்சிருக்காரு. வாங்க."

உப்பளத்தின் வரப்புகள் மிகவும் குறுகலானவை. இருபுறமும் கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள், பாத்திகளில் வானம், வானத்தின்மேல் வெண்ணிறப் படலமாய் உப்பு. நடுப்பகல் வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் ஒருங்கே அடித்தது. நெடுந்தொலைவில் இரண்டு பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். அவர்கள் பேசினார்களோ இல்லையோ, குரல் இங்கு வந்து சேரவில்லை. இவ்வளவு பெரிய வெண்மையின் நடுவே ஒருத்தி மூன்றாண்டுகள் எப்படித் தனியாக நின்றாள் என்று சக்கரபாணி எண்ணிப் பார்த்தார். கண் கூசிற்று. சட்டைப்பையில் இருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு இல்லையா சார்?"

"நீ பார்க்கறதுக்கா வந்தே? பேசறதுக்குத்தானே வந்திருக்கே."

காசிலிங்கம் ஓலைக் கொட்டகையில் கால் நீட்டி அமர்ந்து பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது மதிக்கலாம். எண்ணெய் தடவி வாரிய தலை, சந்தனப் பொட்டு. 'வில்லியனூர்க்காரன்' என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டான்.

"அந்தக் கப்பல் எதுக்குப் பனிக்கடலுக்குப் போச்சு?" என்று சக்கரபாணி, வேலையற்றுக் கதை கேட்க வந்தவர்போல உப்புக் குவியலில் சாய்ந்துகொண்டு தொடங்கினார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் காசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நார்ஸ் ஜனங்கன்னு இருந்தாங்க சார். பெரிய கடலோடிங்க. நார்வேல கெளம்பி, ஐஸ்லாந்து போயி, கிரீன்லாந்து போயி, கொலம்பஸ் பொறக்கறதுக்கு முன்னாடியே அமெரிக்காவத் தொட்டுட்டாங்க. அவங்க போன அதே வழியில, பணக்கார வெள்ளைக்காரங்கள ஏத்திக்கினு எங்க கப்பல் போச்சு. அரசப்பனுக்குச் சமையக்கட்டுல வேலை. எனக்குந்தான்."

சொல்லும்போது அவனுடைய வலக்கை முழங்கால்மீது இருந்தது. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் கட்டைவிரல் எதையோ அழுத்தி உள்ளே தள்ளியது. தள்ளிய பின்னரே அடுத்த வாக்கியம் பிறந்தது. சக்கரபாணி அதைக் கவனித்தார். அதன் பொருள் அப்போது அவருக்கு விளங்கவில்லை.

"அங்க ராத்திரி எப்படி இருக்கும்?"

"கோடையில ராத்திரியே கெடையாதுங்க. சூரியன் கடலத் தொட்டுட்டு மறுபடி மேல ஏறிடும்."

"அப்ப கொசுவுக்கு டூட்டி எப்போ?" என்றான் சுப்ராயன்.

காசிலிங்கம் இதற்கு ஆயத்தமாக இல்லை. கட்டைவிரல் காற்றில் நின்றது. "கொசு... அதப்பத்தி இல்லைங்க," என்றான்.

'அதைப்பற்றி இல்லை' என்றால் எதில் இல்லை? சக்கரபாணி தம் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், கையிலிருந்த உப்புக் கல் ஒன்றை உருட்டினார்.

"சமையக்கட்டுல இருந்தேன்னு சொன்னீங்களே, நடுக்கடல்ல உப்பு தீர்ந்துபோனா என்ன செய்வீங்க?"

"அதுக்கென்னங்க பஞ்சம்! பனிமலை மெதந்துக்கினு வருமில்ல, கடல் தண்ணி ஒறைஞ்ச மலை! அது பாறைமேல ஒதுங்கி உருகும். உருகின தண்ணி பள்ளத்துல தேங்கும். மொதத் தண்ணிய வடிச்சு விட்டுடணும். மேல்காத்து அடிச்சுதுன்னா மணி மணியா உப்பு புடிக்கும். ஆனா அவசரப்படக் கூடாது. பலகைய அடித்தரையில ஊனாம, மேலாக்க வாரணும். தரையக் கீறினா சேறு ஏறி உப்பு கறுத்துடும்."

பின்னால் 'டொக்' என்று ஓசை கேட்டது. அமராவதி தோளில் இருந்த பலகையைத் தவறவிட்டிருந்தாள்.

சக்கரபாணி அதனை எடுத்துக் காசிலிங்கத்தின் பக்கம் நீட்டினார். "இது என்னன்னு எனக்குப் புரியல. உங்களுக்குத் தெரியுமா?"

காசிலிங்கம் அதை மேலும் கீழும் பார்த்தான். "கொத்தனாருங்க சாரத்துக்குக் கட்டற பலகைதானேங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது ஆன்றோர் வாக்கு. சக்கரபாணி அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அமராவதி மடியில் வைத்திருந்த அந்தக் கம்பளிக் குல்லாவை மாத்திரம் பார்ப்பதற்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தார்.

"சார், ஆளு டக்குன்னு மாட்டிக்கினான் போலருக்குது. எதுல மாட்டினான்னு மட்டும் சொல்லிடுங்க, நானும் சந்தோஷப்படுறேன்."

"பனிமலை கடல் தண்ணி இல்லை சுப்ராயா. தரையில பெய்ஞ்சு இறுகின பனி. ஓரத்துல முறிஞ்சு கடல்ல விழறது. அதை உருக்கினா நல்ல தண்ணிதான் வரும். அந்தப் பக்கம் போன கப்பல்ல சமையக்காரனா இருந்தவன் அதைக் குடிக்காம வந்திருக்க மாட்டான். உப்பு எடுத்தேன்னு சொன்னா, அவன் போகலை."

"சரி, பொய். புளுகனுங்க ஊர்ல பஞ்சமா?"

"முழுப் பொய் இல்லையே, அதுதான் வேடிக்கை. முதல் தண்ணிய வடிக்கணும், மேல்காத்து வேணும், தரையைக் கீறக் கூடாது. பனியைப் பொறுத்தவரை அத்தனையும் பொய். உப்பைப் பொறுத்தவரை அத்தனையும் நிஜம். சொன்னவனோ உப்பு வாரற பலகைய சாரப் பலகைன்றான். அப்படின்னா?"

சுப்ராயன் நின்றுவிட்டான். "வேற யாரோ எழுதின வசனம்!"

"பனியைப் பார்க்காத, உப்பளத்துலயே பொறந்து வளர்ந்த ஒருத்தன் எழுதினது. கடல் தண்ணி எப்படி ஆனாலும் கடைசியில உப்பு மிஞ்சும்னு இந்த மண்ணு ஆளுங்களைத் தவிர யார் அவ்வளவு உறுதியா நம்புவாங்க?"

அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அமராவதி மெல்லச் சொன்னாள். "தரையக் கீறாதடின்னு தெனம் என்னத் திட்டுவாரு ஐயா. அந்தப் பேச்சு அவரு பேச்சு."

காற்று மட்டும் பாத்தி நீரைச் சுருக்கிவிட்டுப் போனது.

சக்கரபாணி குல்லாவின் மடிப்பை விரித்து உதறினார். உள்ளங்கையில் சிவப்பாகத் துகள் உதிர்ந்தது. கறுப்புச் சேறும் வெள்ளை உப்புமே உள்ள அந்தக் கரையில் அந்தச் செந்நிறம் விருந்தாளிபோல் தனித்துத் தெரிந்தது.

"பனிக்கடல்ல செம்மண் ஏது?"

சுப்ராயன் புதுச்சேரியைச் சேர்ந்தவன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். "எங்க ஊருப் பக்கம் இடையஞ்சாவடி மேட்டு மண்ணு சார். ஒரு தரம் அங்க விழுந்து எழுந்தேன், என் பொண்டாட்டி இன்னும் அந்த வேட்டியத் துவைச்சுக்கினு இருக்குறா. அங்கதான் வெள்ளைக்காரங்க வந்து கொட்டா போட்டுக்கினு மரம் நடறாங்க. கம்பளிக் குல்லாவும் அங்க கெடைக்கும்."

சக்கரபாணி அமராவதியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் உறுதியா எதையும் சொல்ல மாட்டேன். கார்ல ஒரு இடம் காலியா இருக்கு."

அவள் பலகையை வரப்பில் வைத்துவிட்டு, சேற்றுக் காலைப் பாத்தி நீரிலேயே கழுவிக்கொண்டு வந்து ஏறினாள்.

புதுச்சேரி சாலையில் கார் தெற்கே ஓடியது. இடப்பக்கம் சவுக்குத் தோப்பின் இடைவெளிகளில் கடல் தோன்றித் தோன்றி மறைந்தது. நெடுநேரம் சென்று அவளாகவே பேசினாள்.

"மோளம் அடிச்சு அனுப்பினாங்க ஐயா. எங்க ஊர்ல கப்பலுக்குப் போன மொத ஆளு அவருதான். மால போட்டு பஸ் ஏத்தினாங்க. சன்னல்ல ஒக்காந்துக்கினு கண்ணத் தேய்ச்சுக்கினே இருந்தாரு. அழுவறாருன்னு நெனச்சேன். நானும் அழுதேன்."

"அதுக்கு முன்னாடியும் கண்ணைத் தேய்ப்பாரா?"

"உப்பு வார்றவங்க எல்லாரும் தேய்ப்பாங்க ஐயா. அந்தக் கூச்சம் சும்மா உடுமா?"

சக்கரபாணி தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேட்டில் ஏறியதும் நிலம் சிவந்தது. முந்திரி மரங்களைக் கடந்து, புதிதாக வெட்டிய குழிகளில் நட்ட கன்றுகளைக் கடந்து, பெரிய கீற்றுக் கொட்டகை ஒன்றின் முன் கார் நின்றது. எங்கோ ஜெனரேட்டர் தடதடத்தது. கொட்டகையின் சன்னல்கள் அனைத்தும் சாக்குப் படுதாவால் மூடப்பட்டிருந்தன. வாசலில் குழந்தைகளின் செருப்பு இரண்டே ஜோடி. உள்ளே குழந்தைகளோ முப்பதுக்கு மேல்; ஞாயிற்றுக்கிழமை.

இருட்டில் நரைத்த கூந்தலுடைய வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அசையாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ஒரு சிறு கருவியின் அருகே அமர்ந்திருந்தாள். எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் படம் விழுந்தது: கடல், பனி, செங்குத்தான கரை, அதன் நடுவே சிறிய கப்பல் ஒன்று. படம் மாறுவதற்காக அந்த அம்மாள் கட்டைவிரலால் ஒரு சட்டத்தை அழுத்தி உள்ளே தள்ளினாள்.

சக்கரபாணிக்குக் காசிலிங்கத்தின் கட்டைவிரல் விளங்கிவிட்டது.

"காசிலிங்கம் இங்க படம் ஓட்டற ஆளு," என்று சுப்ராயனின் காதில் சொன்னார். "அவன் அங்க சாட்சி சொல்லக் காத்திருக்கான். அதனால இன்னிக்கு இந்தம்மாவே ஓட்டறாங்க. அந்தக் கப்பல்ல போனது இவங்கதான்."

"அப்ப கதை சொல்றது?"

கதை சொல்பவன் வேட்டியின் ஓரத்தில், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். இருட்டில் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது; பழகிய, நிதானமான குரல்.

"எரிக்னு ஒருத்தன். ஊரு அவனத் தொரத்திடுச்சு. போக்கிடம் இல்லாம கடல்ல போனான். பனி மூடின ஒரு நாட்டக் கண்டான். வெறும் பனின்னு சொன்னா எவன் கூட வருவான்? அதனால பச்ச நாடுன்னு பேரு வெச்சுட்டான். பொய்தான். ஆனா அந்தப் பொய்ய நம்பி நெறைய குடும்பம் கப்பலேறிச்சு."

வாசற்காலைப் பற்றியிருந்த அமராவதியின் வளையல்கள் மெல்ல ஒலித்தன. அவளை நோக்கித் திரும்பிய சக்கரபாணிக்கு அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிஞ்சவில்லை.

கருவி 'கிளிக்' என்றது. வேட்டியில் கூரையில்லாத கற்கட்டடம் ஒன்று தோன்றியது. தடித்த சுவர்கள், சுவரில் ஒரு சன்னல், சன்னல் வழியே வானம்.

"இதோ, இதான் பனிமலை," என்றது குரல். "எவ்ளோ ஒசரம் பாத்தீங்களா? எப்படிப் பளபளன்னு மின்னுது பாருங்க! இது கடல் தண்ணி. உருகிச்சின்னா அவ்ளோவும் உப்பு."

முன்வரிசைக் குழந்தைகள் களுக்கென்று சிரித்தன. வெள்ளைக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. அவளும் அன்புடன் சிரித்தாள்.

"படம் மாறிப்போச்சு சார். இடிஞ்ச கோயிலக் காட்டிப் பனிமலைன்றாரு. திரும்பி ஒரு பார்வை பாத்தா தெரிஞ்சிடப் போவுது. ஏன் சார் திரும்பவே மாட்றாரு?"

கேட்டுவிட்டுச் சுப்ராயன் தானாகவே வாயை மூடிக்கொண்டான். விடை அவனுக்கும் புலப்பட்டுவிட்டது.

'கிளிக்.' இப்போது இருண்ட நீரின் நடுவே ஒரே ஒரு பனிமலை நின்றது. சுற்றிலும் கப்பல் இல்லை, கரை இல்லை, பறவைகூட இல்லை.

"இது கல்லால கட்டின மாதாகோயில்," என்று குரல் மெல்லத் தணிந்து தொடர்ந்தது. "இங்க ஒரு கல்யாணம் நடந்துச்சு. ஊரே கூடி நடத்திச்சு. அந்த நாட்டுல இருந்து வெளிய வந்த கடைசிச் சேதி அந்தக் கல்யாணந்தான். அதுக்கப்புறம் அந்த ஜனங்களுக்கு இன்னா ஆச்சு, எங்க போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"அங்க கோயிலும் இல்ல, கல்யாணமும் இல்லய்யா," என்றாள் அமராவதி. "தனியா ஒரு பனிமலைதான் நிக்குது."

வேட்டியின் ஓரத்தில் நின்றவனின் கை மெல்ல உயர்ந்து காற்றைத் தடவிற்று. சுவரைத் தேடிற்றோ, குரல் வந்த திசையைத் தேடிற்றோ, யார் அறிவார்?

"அமராவதி," என்றான் அரசப்பன்.

குழந்தைகளைச் சுப்ராயன் வெளியே ஓட்டிக்கொண்டு போனான். "பாக்கிப் படம் அடுத்த வாரம்! ஹீரோயின் வந்துட்டாங்க, இடைவேளை!" என்று அவன் கத்தினான்.

சாக்குப் படுதா விலக்கப்பட்டதும் வெளிச்சம் உள்ளே வந்தது. அரசப்பனின் கண்கள் திறந்தே இருந்தன. அவை வெளிச்சத்துக்குக் கூசவில்லை.

அவன் சொன்னதில் மறைப்பு எதுவும் இல்லை. மாலையும் மேளமுமாகச் சென்னைத் துறைமுகம் சேர்ந்தவனைக் கண் சோதனையில் கழித்துவிட்டார்கள். ஊர் திரும்ப முகம் இல்லை. இங்கே குழி வெட்டினான்; வெட்டிக்கொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாக வெளிச்சம் குறைந்தது. வெள்ளைக்கார அம்மாளின் படங்களை, பார்வை இருந்த மட்டும் பார்த்து, அவள் பேச்சைத் தமிழில் யாரோ சொல்லக் கேட்டு, வரிசையாக மனப்பாடம் செய்தான். கேட்டதில் விட்டுப்போன இடங்களைத் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பினான்.

"காசிலிங்கத்து மேல தப்பில்ல. நான்தான் அனுப்பினேன்," என்றான். "கப்பலுக்குப் போனவன் குருடனா வந்தா உனக்கு இன்னா லாபம்? நாளைக்கோட எல்லாம் முடிஞ்சிருக்கும். நீ யாரையும் எதிர்பார்த்துக்கினு இருக்க வாணாம்னு நெனச்சேன்."

அமராவதியின் குரல் உயரவில்லை.

"நீ செத்துட்டா எனக்கு நல்லதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. ஊரும் முடிவு பண்ணிடுச்சு. என்னிய யாருயா கேட்டீங்க? மூணு வருஷமா தெனம் கடலையே பாத்துக்கினு நின்னேன். நீ அந்தப் பக்கம் இருக்கறேன்னு நெனச்சு. முதுகுக்குப் பின்னால, பஸ்ல ஏறினா எறங்கற தூரத்துல இருந்திருக்கற."

"கண்ணு தெரியாதே புள்ள, எப்படி வருவேன்?"

"வாயி இருந்துச்சே. முப்பது புள்ளைங்களுக்குக் கத சொல்ற வாயி. மரக்காணத்துக்கு வழி எதுன்னு யாரையாச்சும் கேட்டியா?"

அவள் திரும்பிப் பாராமல் வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

அந்தி சாயுமுன் மரக்காணம் வந்து சேர்ந்தார்கள். முருகையன் வைக்கோல் மனிதனுக்குத் தேங்காயால் தலை வைத்து, அதில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அமராவதி நேராகச் சென்று அந்தத் தலையைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். "கொழம்புக்கு அரைக்கச் சொல்லு மாமா. உன் தம்பி இடையஞ்சாவடியில கத சொல்லிக்கினு இருக்காரு."

முருகையன் தேங்காயைக் கீழே வைத்தார். "உசுரோடவா?" என்று கேட்டார். பிறகு, மகிழ்ச்சி முகத்தில் ஏறும்போதே கவலையும் கூடவே ஏறியது. "ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே!"

"சொன்னா வரட்டும். சாவு இல்லாம ஒரு நாளு சாப்பிட்டா ஊருக்கு ஒண்ணும் ஆயிடாது."

அவள் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையை உருவினாள். அவிழ்ந்த வைக்கோலை வாரி மாட்டின் முன் போட்டாள். சட்டையை மடித்துச் சக்கரபாணியிடம் நீட்டினாள்.

"நாளைக்கு இத அவருகிட்ட குடுத்துடுங்க ஐயா. நான் கூப்பிட மாட்டேன். கூட்டியாறவும் வாணாம். வரணும்னு தோணிச்சின்னா அவரே கேட்டுக் கேட்டு வரட்டும்."

அமாவாசைக் காலையில் அவளை அவர்கள் உப்பளத்தில் தொலைவிலிருந்து கண்டார்கள். வெண்மையின் நடுவே தனி உருவமாய், தரையைக் கீறாமல் பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் வளையல்கள் வெயிலில் மின்னின. தெற்கே திரும்பிய காரின் பின்னிருக்கையில், எவரையும் நிமிர்ந்து பாராமல் காசிலிங்கம் அமர்ந்திருந்தான்.

"ஏம்பா, கடைசி வரைக்கும் அந்தக் கொசு மேட்டர் தெரியாமலே போச்சே," என்று சுப்ராயன் அவனைச் சீண்டினான்.

"நண்பன் கேட்டான், செஞ்சேன்," என்றான் காசிலிங்கம். "அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்ததுல இருந்து சோறு எறங்கல."

"அதான் பனங்கிழங்கு எறங்கிச்சாக்கும்."

கொட்டகை வாசலில், முந்திரி நிழலில் அரசப்பன் நின்றுகொண்டிருந்தான். இரவெல்லாம் அவன் உறங்கவில்லை என்பதைச் சொல்லத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை. சக்கரபாணி சட்டையை அவன் கையில் வைத்தார். அரசப்பன் அதைத் தடவினான். நிறம் மாறிய பொத்தானிடம் வந்ததும் விரல் அங்கேயே தங்கியது. பையினுள் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தான்: ஒரு வைக்கோல் துரும்பு.

"இது இன்னாங்க?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நீங்க," என்றார் சக்கரபாணி.

அரசப்பன் சிரிக்கவில்லை. அந்தத் துரும்பைக் கீழேயும் போடவில்லை. "இன்னா சொன்னா?" என்று கேட்டான். அவர் சொன்னார், ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

செம்மண் தரையில் முந்திரியிலை ஒன்று உருண்டோடியது. பிறகு அரசப்பன் சட்டையை அணிந்துகொண்டான். பொத்தான்கள் ஒரு வரிசை மாறி விழுந்தன. கழற்றி, மறுபடி முதலிலிருந்து போட்டான். சுவரோரம் சாய்த்திருந்த குச்சியை எடுத்துக்கொண்டான்.

"ஐயா, மரக்காணம் போற பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?"

சுப்ராயன் வாயைத் திறந்தான். பின்னால் நின்ற காரையும் பார்த்தான். சக்கரபாணி அவன் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"நேரா கீழ எறங்குங்க," என்றார். "கடல் சத்தம் எங்க பலமாக் கேக்குதோ அங்க ரோடு இருக்கும். அங்க யாரையாச்சும் கேளுங்க."

குச்சி தரையைத் தட்டத் தட்ட அந்த நீலக்கோட்டுச் சட்டை சரிவில் இறங்கிற்று. சிறிது தூரம் சென்றதும், எதிரே சைக்கிளில் வந்த யாரோ ஒருவரை அது நிறுத்திக் கேட்பதை மேட்டில் நின்ற இருவரும் கண்டனர்.